நைட்க்ராலர் படம் பார்த்ததுல இருந்து வீட்டுல பஞ்சாயத்து. அக்கா மகனுக்குக் கேமரா வாங்கிக் குடுக்கலாமா?

வில்லாபுரம் ஸ்டுடியோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வில்லாபுரத்துல ஒரு சின்ன வீடியோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம். முகூர்த்த மாசத்துல தூக்கம் இருக்காது, ஆடியிலயும் மார்கழியிலயும் ஈ ஓட்டுவேன். சினிமா பத்தி விமர்சனம் எழுதுற அளவுக்கு எனக்கு விஷயம் பத்தாது. ஆனா ஒரு இங்கிலீஷ் படத்தால எங்க அக்கா என்கிட்ட மூணு வாரமா சரியாப் பேசல.

அக்கா மகன் ரெண்டு வருஷமா என்கிட்டத்தான் ரெண்டாவது கேமரா. வயசு 22. நல்ல கண்ணு அவனுக்கு. தாலி கட்டுற நேரத்துல நாங்கள்லாம் மாப்பிள்ளை கையைப் பார்த்துக்கிட்டு நிப்போம், அவன் பொண்ணோட அப்பா முகத்தைப் பிடிச்சு வச்சிருப்பான். எடிட்டிங்ல உக்காந்தா அந்த ஒரு ஷாட்டுதான் மொத்த வீடியோவையும் தூக்கும். போன மாசம் வந்து நின்னான். "மாமா, ஒன்றரை லட்சம் குடுங்க. ஒரு கேமரா, ஒரு செகண்ட் ஹேண்ட் பைக். யூடியூப்ல ராத்திரி நியூஸ் மட்டும் போடப் போறேன். தூங்கா நகரம்னு பேருதான், ராத்திரி நடக்குறதை எடுக்க ஊருல ஒரு ஆளு கிடையாது"ங்குறான். இன்டர்வியூல பேசுற ஒரு வெள்ளைக்காரன் கிளிப்பைத்தான் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தான். கடுமையா உழைப்பேன், சீக்கிரம் கத்துக்குவேன், இலக்கு பெருசுங்குற மாதிரி பேச்சு. யார்றா இவருன்னு கேட்டேன். "நைட்க்ராலர் மாமா, பாருங்க"ன்னான்.

ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிட்டு இருந்த ராத்திரி, கடையிலயே உக்காந்து ரெண்டு பேரும் பார்த்தோம். (கதையைச் சொல்லப் போறேன், பாக்காதவங்க தாண்டிப் போயிருங்க.) லாஸ் ஏஞ்சல்ஸ்ல லூ ப்ளூம்னு ஒருத்தன், கம்பி வேலி, செம்புக் கம்பி, பாதாளச் சாக்கடை மூடின்னு திருடி இரும்புக்கடையில போடுறான். அங்கயே வேலையும் கேக்குறான். திருடனுக்கு வேலை தர மாட்டேன்னு கடைக்காரரு அனுப்பிர்றாரு. அப்புறம் ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட்டை ஒருத்தன் படம் எடுத்து டிவிக்கு விக்கிறதைப் பாக்குறான். திருடுன சைக்கிளைக் குடுத்து ஒரு கேமராவும் போலீஸ் மைக் கேக்குற ஸ்கேனரும் வாங்குறான். அதுக்கப்புறம் அவனுக்கு ஏறுமுகம்தான். ஒரு ஆக்சிடென்ட்ல போலீஸ் வர்றதுக்குள்ள பொணத்தை இழுத்து வெளிச்சத்துல போட்டு எடுக்குறான் பாருங்க, அங்க நான் ஸ்கிரீனைப் பார்க்கல, இவன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். இவன் லேசா முன்னால குனிஞ்சு ஃப்ரேமைப் பாக்குறான்.

கடைசியில லூவுக்கு ஒண்ணுமே ஆகல. கூட வேலை பாத்த பையனைச் சாகக் குடுத்துட்டு, ரெண்டு வேன் வாங்கி, புதுசா பசங்களைச் சேத்து, வகுப்பெடுக்குறான். இவன் கை தட்டுறான். "உழைச்சான், ஜெயிச்சான் மாமா"ங்குறான். லாட்டரில ஜெயிக்கணும்னா முதல்ல டிக்கெட்டுக்குக் காசு சம்பாதிக்கணும்னு படத்துல ஒரு பேச்சு வரும், அதை எனக்கே திருப்பிச் சொல்றான். 2003லயே லாட்டரியை ஒழிச்ச ஊருல உக்காந்துக்கிட்டு!

நெசமாவே படம் அவன் பக்கம்தான் பேசுதா? நம்ம ஊருல இந்த மாதிரி தொழில் உண்டா? ரூபாயைக் குடுக்கலாமா, வேண்டாமா? குடுக்கலைன்னா அக்கா, குடுத்தா என் மனசு.

ரீல்பெட்டி எழுதியது:

உங்க அக்கா பையன் தப்பாப் பார்க்கலை சார். அரைகுறையாப் பார்த்திருக்கார்.

2014ல வந்த படம். டான் கில்ராய் அதுவரைக்கும் திரைக்கதை எழுதிக்கிட்டு இருந்தவர், இயக்குநரா இதுதான் முதல் படம். இதைத் தண்டனைக் கதையா இல்லாம ஒரு வெற்றிக் கதையாத்தான் அவர் கட்டியிருக்கார். நீங்க சொன்ன அந்த ஆக்சிடென்ட் சீனை இன்னொரு தடவை சத்தத்தோட பாருங்க. பொணத்தை இழுக்கும்போது ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டோட இசை பயமுறுத்தாது. ஏதோ சாதனை பண்ணின மாதிரி மேல ஏறும். அது நம்ம காதுக்கான இசை இல்லை. லூ மண்டைக்குள்ள ஓடுறது. படம் முழுக்க அவன் மண்டைக்குள்ளயே நம்மளை உக்காத்தி வச்சிருக்காங்க. வெளியில வர வழியை நாமதான் பார்க்கணும், சிலர் வர்றதில்லை.

லூவா நடிச்ச ஜேக் ஜில்லென்ஹால் இதுக்காக உடம்பை நல்லா இளைச்சார். அந்த ஊர்ல ராத்திரி ரோட்டுக்கு வர்ற ஒரு வகைக் குள்ளநரியை மனசுல வச்சு நடிச்சேன்னு சொல்லியிருக்கார். கண்ணைச் சிமிட்டாம பேசுறதைக் கவனிச்சீங்களா? ஆஸ்கருக்குத் திரைக்கதை மட்டும்தான் போச்சு, அவரை விட்டுட்டாங்க. எனக்கு இன்னும் கோபம் ஆறலை.

இந்தத் தொழில் புதுசும் இல்லை. கில்ராய்க்கு முதல் பொறி வீஜீங்குற புகைப்படக்காரர். 1930, 40கள்ல நியூயார்க்ல கார்ல போலீஸ் ரேடியோ, டிக்கியிலயே படம் கழுவுற சாமான். கொலை நடந்த இடத்துக்குச் சமயத்துல போலீஸுக்கு முன்னாடியே போய் நிப்பார்.

ரூபாய் விஷயத்துல என்கிட்ட யோசனை இல்லை. நான் வாங்கின கேமரா பரண்ல இருக்கு.

அரசரடி எழுதியது:

பைக் மட்டும் வாங்கிக் குடுங்கண்ணே. சேனல் ஓடலைன்னா டெலிவரிக்காவது ஆகும்.

மார்ச்சுவரி டீக்கடை எழுதியது:

ஸ்டுடியோ தம்பி, நம்ம ஊருல உண்டான்னு கேட்டீங்கள்ல, அதுக்கு நான் பதில் சொல்லலாம். 2006ல இருந்து 2017 வரைக்கும் மதுரையில டிவிக்கு ஸ்டிரிங்கரா ஓடுனவன். எந்த சேனல்னு கேக்காதீங்க. சம்பளம் கிடையாது. ஒரு லோகோ மைக்கு, ஒரு ஐடி கார்டு, ஓடுன ஸ்டோரிக்கு 200 ரூபா. ஓடலைன்னா அதுவும் இல்ல. செக்கு மூணு மாசம் கழிச்சு வரும், வந்தா.

ஸ்கேனர்லாம் இங்க கிடையாது. வச்சிருந்தா முதல்ல நம்மளைத்தான் தூக்கி உள்ள வைப்பாய்ங்க. எங்களுக்கு ஆளுங்கதான் ஸ்கேனர். ஸ்டேஷன் ரைட்டரு, ஆம்புலன்ஸ் டிரைவரு, டோல்கேட் பக்கம் பஞ்சர் ஒட்டுறவரு. பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரிப் பக்கம் டீக்கடையில நின்னா, மாவட்டத்துல எங்கிட்டு எவன் செத்தாலும் ரெண்டாவது டீக்குள்ள தெரிஞ்சுரும்.

படத்துல ஒண்ணு எனக்கு ஒட்டல. லூவும், அதே தொழில் பாக்குற அந்த ஜோவும் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டு அடிச்சுக்குறாய்ங்க, ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் கெடுத்து விடுறான். இங்க அப்படிக் கிடையாது. உசிலம்பட்டில ஒண்ணு நடந்தா ஒரு ஆளு போவான், எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் காப்பி குடுப்பான். மறுநாள் மேலூருக்கு இன்னொருத்தன் போவான். ஆறு சேனல்ல ஓடுறது ஒரே ஆளு எடுத்த விஷுவலா இருக்கும். பெட்ரோல் விக்கிற வெலைக்கு வேற எப்படிப் பொழைக்க? அதனால ஸ்பாட்ல போட்டி இருக்காது. போன்லதான் இருக்கும். மெட்ராஸ்ல இருந்து டெஸ்க் கூப்புடும். "அந்த சேனல்ல க்ளோசப் ஓடுது, நம்மகிட்ட ஏன் இல்ல? வேற ஏதாவது எடுத்தீங்களா?" இந்தக் கேள்விய மூணு தடவ கேட்டுப் பாருங்க, நாலாவது தடவ கை தானாப் போகும்.

எனக்குப் போச்சு. 2012. கப்பலூர் தாண்டி நாலுவழிச் சாலையில ஷேர் ஆட்டோ மேல லாரி. பொழுது சாயுற நேரம். நான் போய்ச் சேந்தப்போ அடிபட்டவங்களை அனுப்பிட்டாய்ங்க, ஆட்டோ கவுந்து கிடக்கு, கண்ணாடித் தூளு, அவ்வளவுதான். எதை எடுக்க? ரோட்டோரம் அரளிச் செடிக்குக் கீழ ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி, மூடியோட, அழகா உக்காந்திருந்துச்சு. பத்தடி தள்ளி. எடுத்தேன். மூடியத் தெறந்தேன். தயிர்சோறு கொஞ்சம் மிச்சம். அப்படியே ஆட்டோ முன்சக்கரம் பக்கத்துல கொண்டுபோய்ச் சாய்ச்சு வச்சேன். மூடிய ஒரு முழம் தள்ளி. பெறகு ஹேண்டிகேம்ல மெதுவா ஜூம் போனேன். சட்டில பேரு வெட்டியிருந்துச்சு, நம்ம வீட்டுச் சாமான்ல வெட்டுவோம்ல, அது மாதிரி. ஒரு பொம்பளப் பேரு. அந்தப் பேருல ஃபோகஸ் நிக்கிற வரைக்கும் எடுத்தேன்.

நான் பொணத்தை இழுக்கலையே, சட்டியத்தான நகத்துனேன்னு ரொம்ப நாளு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நெட் சென்டர்ல உக்காந்து அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஒம்பது மணி நியூஸ்ல அந்த ஷாட்டுதான் முதல்ல. திருப்பித் திருப்பி ஓடுச்சு. டெஸ்க்ல இருந்து போன் போட்டு, சூப்பர் விஷுவல்னாய்ங்க.

அந்தச் சட்டிக்காரரு ஆட்டோவுல வந்தவரே இல்ல, தம்பி. சிட்கோவுல வேலைய முடிச்சுட்டு ரோட்டோரம் நடந்து வந்தவரு. சத்தம் கேட்டு, சட்டிய ஓரமா வச்சுட்டு, அடிபட்ட ஒரு பெரியவரைத் தூக்கிப் போட்டுக்கிட்டு கூடவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. போன்ல சார்ஜ் இல்ல. இங்கிட்டு ஊருல டிவியில பொண்டாட்டி பேரு வெட்டுன சட்டி ஓடுது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல சட்டையெல்லாம் ரத்தத்தோட வீட்டுக்குப் போறாரு. வாசல்ல கூட்டம், ஆளுக்கொரு பக்கம் அழுகுதுக. அவரு, யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே உள்ள போயிருக்காரு.

ரெண்டு நாள் கழிச்சு டீக்கடைக்கு வந்தாரு. கப்பலூர் ஆக்சிடென்ட் எடுத்த டிவிக்காரர் யாருன்னு கேட்டாரு. அடிக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சு நாந்தான்னேன். "சட்டிய எங்கிட்டுங்க வச்சீங்க? அது மாமியா வீட்டுச் சீரு. வீட்டுல கேக்குறா." அவ்வளவுதான் கேட்டாரு. என் வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போயி அந்த அரளிச் செடிக்குள்ள ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் தேடுனோம். மூடிகூட இல்ல.

டவுன்ல ஒரு பாத்திரக்கடையில அதே அளவுல ஒண்ணு வாங்குனேன். பேரு வெட்டணுமான்னு கடைக்காரரு கேட்டாரு. எனக்கு அந்தப் பேரு எழுத்து எழுத்தாத் தெரியும், ஜூம் பண்ணி நிறுத்துனவன்ல. வெட்டி வாங்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன். அவரு விரல வச்சுத் தடவிப் பாத்தாரு. "இது மிஷின்ல வெட்டுனது. அது எங்க மாமா முன்னால ஒக்காந்து சுத்தியல்ல புள்ளிபுள்ளியா வெட்டுனது"ன்னாரு. வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

மறுநாளே வேலைய விட்டுட்டேன்னு எழுதுனா நல்லாத்தான் இருக்கும். விடல. இன்னும் அஞ்சு வருஷம் ஓடுனேன். அந்த ஸ்டோரிக்கும் 200தான் வந்துச்சு.

அக்கா மகன்ட்ட ஒண்ணு கேளுங்க. படத்துல ரிக்னு ஒரு பய, லூகிட்ட வேலை பாத்துச் சாகுறானே அவன், ராத்திரிக்கு 30 டாலருக்கு வழி சொல்ற வேலை. அது போதும்னு தலையாட்டுறான். லூ மாதிரி ஆகணும்னு வர்ற நூறு பேருல தொண்ணூத்தொம்பது பேரு ரிக்காத்தான் ஆவாய்ங்க. நான் பதினோரு வருஷம் ரிக்கு.

சொக்கிகுளத்துப் பெண் எழுதியது:

மேலே எழுதிய ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன அந்தப் போனின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். நீங்கள் வேலை செய்த சேனல் இல்லை. ஆனால் அதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் விரல் போதாது. சென்னையில் எட்டு வருடம் செய்தி டெஸ்க். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன்.

படத்தில் எல்லோரும் லூவைப் பார்க்கிறார்கள். நான் நீனாவைப் பார்த்தேன். லூ எடுப்பதை விலைக்கு வாங்கும் டிவி செய்திப் பொறுப்பாளர், ரெனே ரூஸோ நடித்த பாத்திரம். ரேட்டிங்கில் பின்தங்கிய சேனல், முடியப் போகும் ஒப்பந்தம், வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அவள் கெட்டவளாகத் தெரிவதற்கு முன்னால் எனக்குப் பழக்கமானவளாகத் தெரிந்தாள். 2015இல் எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கிடும் பார்க் (BARC) ரேட்டிங் வந்த பிறகு எங்களுக்கு வாரத்தில் ஒரே கிழமைதான், வியாழன். அன்று எண் வரும். எண் குறைந்திருந்தால் வெள்ளியன்று குரல்கள் மாறும். நீனா லூவிடம் எந்த மாதிரிக் கொலை வேண்டும் என்று தெளிவாகவே சொல்வாள், வசதியானவர்கள் வாழும் பகுதிக்குள் நடந்திருக்க வேண்டும். நாங்கள் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் மேலூர்ப் பக்கம் கூலிக்குப் போனவர் இறந்தால் கீழே ஓடும் ஒரு வரி. "கல்லூரி மாணவி" என்ற சொல் இருந்தால் அரை மணி நேரம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரே மாதத்தில் கை பழகிவிட்டது.

2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை. 80 மணி நேரத்துக்கு மேல் நேரலை. திரையின் மூலையில் மணிக்கணக்கு ஓட ஒரு பெட்டி போட்டோம். எழுத்துரு என்ன, நிறம் என்ன என்று ஐந்து நிமிடம் பேசினோம். பில்லி வைல்டர் 1951இலேயே, குகையில் சிக்கிய ஒருவனை வைத்துப் பிழைக்கும் நிருபரைப் படமாக எடுத்திருக்கிறார், ஏஸ் இன் தி ஹோல். பிறகுதான் பார்த்தேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதே நாட்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோரின் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. அதையும் நாங்கள் செய்தியாகப் போட்டோம்.

ஸ்டுடியோ அண்ணனுக்கு: பையனிடம் கேமரா இருப்பது பிரச்சினை இல்லை. எங்களிடமாவது, முகத்தை மறை, இதைப் போடாதே என்று சொல்ல இரவு ஷிப்டில் ஒரு மூத்தவர் இருந்தார். பாதி நாள் அவர் சொல்லை நாங்கள் கேட்கவில்லை என்பது வேறு. யூடியூபில் உங்கள் அக்கா மகனே லூ, அவனே நீனா. எடுத்த கையே ஓட்டவும் செய்யும். பணம் கொடுப்பதாக இருந்தால், வெளியிடும் முன் உங்களிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பானா என்று தெரியாது, ஆனால் சொல்லிப் பாருங்கள்.

வில்லாபுரம் ஸ்டுடியோ எழுதியது:

பதில் எழுதுன எல்லாருக்கும் நன்றி. டீக்கடை அண்ணே, உங்க எழுத்தைக் கடையில வச்சுப் படிச்சிட்டு ஒரு கஸ்டமருக்குப் பதில் சொல்ல முடியல, வந்தவரு போயே போயிட்டாரு.

நேத்து ராத்திரி அவனைப் பக்கத்துல உக்கார வச்சு மொத்தத்தையும் படிக்கச் சொன்னேன். ரீல்பெட்டி எழுதுனதுக்கு, "மியூசிக்க நான் கவனிக்கல மாமா"ன்னான். அந்த அம்மா எழுதுனதுக்கு ஒண்ணும் சொல்லல. அண்ணன் எழுதுனதை ரெண்டு தடவ படிச்சான். எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சான். மனசுல பட்டுருச்சுன்னு நெனச்சு நானும் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "மாமா, அந்தத் தூக்குச்சட்டி விஷுவல் அவர்கிட்ட இன்னும் இருக்குமா? கேளுங்களேன்"ன்னான்.

எதுக்குடான்னு நான் கேக்கல. உங்ககிட்டக் கேக்குறேன், அவ்வளவுதான். ரூபாய் விஷயம் தை பொறக்கட்டும்னு அக்காகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

மார்ச்சுவரி டீக்கடை எழுதியது:

இல்லைன்னு சொல்லிருங்க தம்பி.